பொழுது களவுபோன ரொட்டிக்கடை

மருமகள் வந்து சேர்ந்த வாரமே அவளுடைய கைக்கடிகாரத்தை மாமியார் அடுப்பில் வைத்துச் சுட்டுவிட்டாள்.

ஆத்திரத்தில் தூக்கி எறிந்தாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்கென்று ஒரு கைப்பிடி மாவைத் தனியாக எடுத்து, நடுவில் குழி பறித்து, கடிகாரத்தை உள்ளே படுக்க வைத்து, மூடி உருட்டி, மேலே முட்டை தடவி, மற்ற பன்களோடு ஒரு பன்னாகத் தட்டில் அடுக்கி, பதம் பார்த்துச் சுட்டாள். எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது. வெந்ததைப் பிட்டுப் பார்த்தபோது கண்ணாடி நொறுங்கி, முள் இரண்டும் சுருண்டு, செத்த வண்டுபோலக் கிடந்தது கடிகாரம். பன் என்னவோ பஞ்சாகத்தான் வந்திருந்தது.

"எங்க அப்பா கட்டிவிட்டது அத்தை அது!"

"கட்டிவிட்டது உங்கப்பா, சரி. பட்டை மாத்தினது யாரு?"

"எதிர்க்கடையில..."

"எதிர்க்கடையில!" மாமியார் போட்ட சத்தத்தில் வீடே கூடிவிட்டது. "கேட்டீங்களா எல்லாரும்? நம்ம வீட்டுக்குள்ளயே குழாய் போட்டுட்டான். இவ மணிக்கட்டு வழியா உறிஞ்சியிருந்தான்னா வருஷம் திரும்பறதுக்குள்ள நாம எல்லாரும் பல்லு போன கிழடா நிப்போம்."

மாமனார், கோயில் மணிபோலத் தலையை ஆட்டினார். நாத்தனார் ஓடிவந்து, "நல்லவேளை அண்ணி, தப்பிச்சீங்க" என்று மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். மருமகள் தன் கணவனைப் பார்த்தாள். அவன் மாவு அப்பிய கையைத் துடைத்துக்கொண்டே, "அம்மா செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும்" என்றான்.

அப்பா, லாரிகளை எடைபோடும் மேடையில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற அன்று தன் கையிலிருந்து கழற்றி மகள் கையில் கட்டிவிட்ட கடிகாரம் அது. மருமகள் அழவில்லை. அழுகிற ஜாதியாக இருந்தால் அந்த வீட்டில் ஒரு மாதம் தாங்கியிருக்க மாட்டாள். அடிவயிற்றில் ஒரு சபதம்தான் எழுந்தது. இந்த மனிதன் தன் வாயாலேயே, தன் அம்மாவின் முகத்துக்கு நேராகவே, 'நீ சொல்றது தப்பு' என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்தபின் அந்தப் பொம்பளை ஆதரவுக்கு ஒரு ஆள் இல்லாமல் தன்னந்தனியாக நிற்க வேண்டும். அதைத் தான் கண்ணாரப் பார்க்க வேண்டும். அதற்கு ஆயிரம் மூட்டை மாவு பிசைய வேண்டுமென்றாலும் சம்மதம்.

விஷயம் இதுதான். எதிர்வரிசையில் இருக்கும் கடிகாரக்காரர் இந்த வீட்டின் பொழுதைத் திருடுகிறார். பாத்திரத்தையோ கோழியையோ அல்ல, பொழுதை! ஒரு கண்ணில் கறுப்புக் குழல் கண்ணாடியைச் செருகிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அது எதற்கு? தெருவைத் தாண்டி இந்த வீட்டுக்குள் பாயும் பொழுதை அதன் வழியாக உறிஞ்சி, மெதுவாக ஓடும் கடிகாரங்களுக்குள் சொட்டுச் சொட்டாக ஊற்றத்தான். ஊரில் இருப்பவனுக்கெல்லாம் வேலை முடிந்து வெட்டிப்பேச்சுப் பேசப் பொழுது மிஞ்சுகிறதே, எங்கிருந்து வந்ததாம்? எல்லாம் ரொட்டிக்கடை வீட்டுச் சரக்கு.

இது தொடங்கியது மருமகள் வருவதற்குப் பல வருஷம் முன்பு. கடைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் நின்றுபோய், அதை அவர் பழுதுபார்த்துக் கொடுத்தார். மறுநாளே ஒரு அடுப்பு ரொட்டியும் கரிக்கட்டையாகிவிட்டது. தெருவில் போன நாய்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதாகக் கேள்வி. அம்மாள் மாவு மூட்டையில் சாய்ந்தாள், எழுந்தாள், அவ்வளவுதான்.

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஒரு அடுப்பு கருகுமா? நடுவுல இருந்த நேரம் எங்க போச்சு?" என்று கேட்டாள்.

'நீ தூங்கிட்டே' என்று சொல்ல அந்த வீட்டில் நாக்கு ஏது? சூரியன் வேண்டுமானால் ஒருநாள் அசந்து தூங்கும், முதலாளியம்மா தூங்குவதாவது! தெருவே அவளை முதலாளியம்மா என்றுதான் கூப்பிட்டது. விறகு பிளப்பதிலிருந்து கல்லாவில் உட்காருவதுவரை அவளுக்குத் தெரியாத வேலை இல்லை. அவள் பார்க்காத வேலையும் இல்லை. மாமனார், வீட்டில் சண்டை வேண்டாமே என்று, ஒருநாள் "ஆமாம்மா, அவன் முழியே சரியில்ல" என்று சொல்லிவைத்தார். சொன்ன வாய், கொஞ்ச நாளில் தானே நம்பவும் தொடங்கிவிட்டது. அப்புறம் நாத்தனார், தன் தலையில் ஒரு நரை கண்ட அன்று, அதை அத்தாட்சியாகக் கொண்டுவந்து போட்டாள். மகன் தன் பங்குக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படிச் சீக்கிரம் ஓடிவிடுகிறது என்றான். ஆளுக்கு ஒரு சுள்ளி போட்டார்கள். தீ நன்றாகவே பிடித்துக்கொண்டது.

வீட்டில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் கிணற்றுக்குள் போயின. கடிகாரம் இல்லாமல் ரொட்டி சுடுவது எப்படி? அங்கேதான் அந்த வீட்டு வித்தை. ரொட்டி பொன்னிறம் ஆனதும் மற்ற கடைகளில் எடுத்துவிடுவார்கள். இங்கே எடுக்கக் கூடாது. பொன்னிறம் என்பது அவன் காட்டும் பொய். திருட்டுப்போன நேரத்துக்கு ஈடு கொடுத்தாக வேண்டும். முதலாளியம்மா மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, இன்றைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று உள்ளுக்குள்ளேயே நிறுத்துப் பார்த்து, "ஈடு ஆச்சு" என்பாள். அப்புறம்தான் மாமனார் நீளத் துடுப்பை அடுப்புக்குள் விட்டுத் தட்டுகளை இழுப்பார். ரொட்டி தேக்கு நிறத்தில் வரும். அதன் மேல்தோலில் ஆணி அடித்துப் படம் மாட்டலாம். ஆனால் ஊர் நாக்கு இருக்கிறதே, அதற்குப் பழகினதுதான் ருசி. அந்தக் கரும்பட்டை ரொட்டிக்காக நாலு தெரு தாண்டி ஆட்கள் வந்தார்கள். பல் ஆடுகிறவர்கள்கூட, பல் போனால் போகட்டும் என்று வாங்கிக் கடித்தார்கள்.

பழிவாங்குவது அந்த வீட்டில் மருந்து சாப்பிடுவதுபோல வேளாவேளைக்கு நடந்தது. காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளிக் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும்போது பார்த்துக் கொட்டுவது மாமனார். கடிகாரக்காரர் ரொட்டி வாங்க வந்தால் முந்தாநாள் பன்னைச் சிரித்த முகத்தோடு கட்டிக்கொடுப்பது நாத்தனார். அவர் கடைப்படியில் காகம் கூடட்டும் என்று ரொட்டித்தூளை இறைப்பது மகன். சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது யார் யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள்.

"காக்கா இன்னைக்கு அவன் தலையிலயே போட்டுடுச்சும்மா."

"எந்தப் பக்கம்டா?"

"நடு உச்சியில."

"என் சிங்கம்! இந்தா, இன்னொரு பன்னு சாப்பிடு."

அப்போது அந்தக் குடும்பத்தின் ஒற்றுமையைப் பார்க்க வேண்டுமே! மருமகள் தன் பிறந்த வீட்டில்கூட அப்படி ஒரு சந்தோஷத்தைக் கண்டதில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

தனியாக இருக்கும்போது கணவனைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு கண்ணாடிக் குழல் வச்சு நேரத்தை உறிஞ்ச முடியுமா? நீங்களே சொல்லுங்க."

"முடியாதுன்னு நீ எப்படிச் சொல்றே? ரேடியோ பாடுது. பாட்டு வர்றது உன் கண்ணுக்குத் தெரியுதா?"

"அவர் உறிஞ்சறதை நீங்க பாத்தீங்களா?"

"அம்மா பாத்திருக்காங்க."

"அப்ப உங்க கண்ணு எதுக்கு இருக்கு?"

"மாவு பதம் பாக்க" என்றான், கொஞ்சமும் சிரிக்காமல்.

எதிர்க்கடைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் புதுப் பன் ஒன்றை வைத்துவிட்டு, அவரிடமும் கேட்டாள்.

"ஏன் சார் நீங்க இப்படி வாயில்லாப் பூச்சியா இருக்கீங்க? திருப்பி நாலு கேள்வி கேக்கக் கூடாதா?"

கடிகாரக்காரர் குழலைக் கண்ணிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணைச் சுற்றி வட்டமாகத் தழும்பு விழுந்திருந்தது.

"கேட்டேம்மா. கடையைத் திறந்துபோட்டு, வந்து சோதனை பண்ணிக்குங்கன்னு உங்க மாமியாரையே கூப்பிட்டேன். வந்து ஒவ்வொரு டிராயரா இழுத்துப் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. 'எதுவுமே இல்லியே, இதுதான் அத்தாட்சி, நேரம் கண்ணுக்குத் தெரியுமா?'ன்னு கேட்டாங்க. நான் டிராயரை எல்லாம் ஒவ்வொண்ணா மூடிவச்சேன்."

"பொய்யுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா சிரிப்பே. இப்பல்லாம் கடையைச் சாத்தும்போது நானே ஒரு தரம் அந்த டிராயரை இழுத்துப் பாத்துட்டுத்தான் போறேன்."

மருமகள் சிரிக்கவில்லை. முந்தின நாள் பிற்பகல் பன் உருட்டிக்கொண்டிருந்தவள் தலைநிமிர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. அதற்குள்ளாகவா என்று அவள் கண் தன்னையறியாமல் எதிர்க்கடைப் பக்கம் போய்த் திரும்பியது. யாரோ பிடரியில் ஐஸ் வைத்ததுபோல இருந்தது அவளுக்கு. அன்றிலிருந்து சபதம் இன்னும் இறுகியது. இந்தப் பொம்பளை என் கடிகாரத்தைச் சுட்டதும் போதாமல் புத்தியையும் சுட்டுத் தின்னப் பார்க்கிறாள்.

கோடை வந்ததும் முதலாளியம்மா அறிவித்தாள்: "சாம்பல் தூவினது போதும். காக்காயை நம்பிக் காலம் தள்ள முடியாது. கடைக்குள்ள இறங்கிடுவோம். அவன் மத்தியானம் சாப்பிடப் போற நேரம், ஒரு கடிகாரம் மிச்சம் வைக்கக் கூடாது. எல்லாத்தையும் உடைச்சா உள்ள இருக்கிற நம்ம பொழுதெல்லாம் தானே வீடு வந்து சேரும்."

வீடு கல்யாணக் களை கட்டிவிட்டது. பின்முற்றத்தில் ஒத்திகை. ரொட்டித் தட்டுகளைச் சுவரில் சாய்த்துவைத்து அவைதான் கடிகாரங்கள் என்றார்கள். பூட்டை உடைக்க மாமனாருக்குக் கோடாலி. தெருமுனையில் நின்று இருமிக் காட்ட நாத்தனார். சில்லுகளை அள்ள மருமகளுக்கு ஒரு கோணி. கோணியைக் கையில் வாங்கிக்கொண்டு மருமகள் தள்ளி நின்றாள். போலீஸ் வந்து புருஷனை இழுத்துக்கொண்டு போகும் காட்சி கண்முன் வந்தது. மகன் துடுப்பை ஓங்கித் தட்டின்மேல் அடித்தான்.

"இது அடியா? ஈ ஓட்டுறியா?" என்றாள் அம்மா. "உங்கப்பன் தோசை திருப்புற மாதிரி திருப்பறே. நகரு."

துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு அடுக்கியிருந்த மாவு மூட்டைகள்மேல் ஏறினாள். உச்சியில் நின்று, இரண்டு கையாலும் ஓங்கி, பம்பரமாக ஒரு சுற்றுச் சுற்றி வீசினாள். அந்த வீச்சு மட்டும் இலக்கில் விழுந்திருந்தால் தட்டு என்ன, பின்சுவரே அடுத்த தெருவில் போய் விழுந்திருக்கும். மேல்மூட்டை வழுக்கியது. மாவுப் புகை அடங்கியபோது முதலாளியம்மா தரையில் வெள்ளை பூசிய சிலையாகக் கிடந்தாள். தொடையெலும்பு முறிந்திருந்தது. அப்போதும் வாய் மட்டும் ஓயவில்லை.

"பாத்தீங்களா! எட்டிப் பிடிச்சுக்க ஒரு நொடி இருந்துச்சு. அதையும் எடுத்துட்டான் பாவி!"

ஆஸ்பத்திரியில் காலுக்கு எடை கட்டித் தொங்கவிட்டார்கள். எலும்பு டாக்டர், இந்த அம்மாள் பேசுகிற பேச்சைக் கேட்டு, மனநல டாக்டரை அழைத்துவந்தார். அந்தப் பெண் டாக்டர் சின்ன வயசுக்காரி, குரல் உயர்த்தாதவள். மாமனாரைத் தனியாகக் கேட்டாள், நாத்தனாரைத் தனியாகக் கேட்டாள், மகனைத் தனியாகக் கேட்டாள். மூன்று பேரும் ஒரே கதையை, ஒரே வார்த்தைகளில், 'சொட்டுச் சொட்டா' என்கிற இடத்தில் ஒரேமாதிரி விரலைக் குவித்துச் சொன்னார்கள். கடைசியாக மருமகளைக் கூப்பிட்டாள்.

"நீங்களும் நம்புறீங்களா?"

"இல்ல டாக்டர். ஆனா ஒருநாள், நேரம் எங்க போச்சுன்னு எதிர்க்கடையை எட்டிப் பாத்தேன்."

டாக்டர் தலையசைத்தாள். "ஒரே வீட்டுல, வெளியாள் பழக்கம் இல்லாம, ஒருத்தரையே நம்பி இருக்கிறவங்களுக்கு இது வரும். நோவு உங்க மாமியாருக்குத்தான். மத்தவங்க அவங்க கிட்ட இருந்து வாங்கிக்கிட்டாங்க. அவங்களுக்கு நான் மாத்திரை தர்றேன். மத்தவங்களுக்கு மாத்திரை எல்லாம் வேண்டாம், தூரம் போதும். கொஞ்ச காலம் வீட்டாளுங்க யாரும் வந்து அவங்ககிட்ட இதைப் பத்திப் பேசக் கூடாது. நீங்க மட்டும் வாங்க."

நீங்க மட்டும்! மருமகளுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவே பூந்தோட்டமாகிவிட்டது. கோட்டையின் சாவியை எதிரியே பட்டுத்துணியில் சுற்றிக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்து, "டாக்டர் உத்தரவு, யாரும் போகக் கூடாது" என்று ஒன்றுக்கு இரண்டாகவே சொன்னாள். தினமும் அவள் மட்டும் சூப்பு எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலில் கிடந்தபடி மாமியார் அவள் கையைப் பிடிப்பாள்.

"இன்னைக்கு அவன் என்ன பண்ணான்?"

"காது குடைஞ்சாரு அத்தை."

"எந்தக் காது?"

"ரெண்டும்தான்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. கொட்டாவி விட்டாரு."

"என் பிள்ளை ஏன் வரல?"

"வேலை ஜாஸ்தி அத்தை. நேரமே இல்லையாம்."

அந்தக் கடைசி வார்த்தையை மருமகள் வேண்டுமென்றேதான் சொன்னாள். மாமியாரின் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே சூப்பை ஸ்பூனில் எடுத்து ஊட்டினாள். அந்தச் சுருக்கம் அவளுக்குச் சூப்பைவிட ருசியாக இருந்தது.

வீட்டில் தீ அணையத் தொடங்கியது. முதலில் குளிர்ந்தவர் மாமனார். ஒருநாள் விறகைச் செருகிவிட்டு நிமிர்ந்தவர், "மணி என்ன இருக்கும்?" என்றார். கேட்டுவிட்டு, யாரோ தன் வாய்க்குள் இருந்து பேசியதுபோலத் திகைத்து நின்றார். அப்புறம் நாத்தனார் கடிகாரக்காரருக்குப் புதுப் பன் கட்டிக்கொடுத்து, "பழசு தீந்துபோச்சு, அதான்" என்று தன் வெட்கத்தை மறைத்துக்கொண்டாள். ஈடு என்று சொல்ல ஆள் இல்லாததால் ரொட்டி பொன்னிறத்திலேயே வெளியே வந்தது. வாடிக்கைக்காரர்கள் கொதித்துப்போனார்கள்.

"என்னப்பா இது, ரொட்டிக்கு ரத்தசோகையா?" என்றார் ஒருவர்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"ரொட்டியையும் கூடவே சேர்த்துட வேண்டியதுதானே!"

மகன் அந்த வெளுத்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிட்டு வாயில் போட்டான். மெதுவாக மென்றான். பிசைகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மனைவியிடம் வந்து, திருடனைப்போலக் குரலைத் தாழ்த்தினான்.

"ஏய்... அடுப்பு கருகின அன்னைக்கு அம்மா தூங்கித்தான் போயிட்டாங்களோ?"

மருமகள் கையில் இருந்த மாவு அப்படியே நின்றது. "தூங்கியிருந்தா?"

"தூங்கியிருந்தா... அவர் எடுக்கல."

"எடுக்கலைன்னா?"

"அம்மா சொன்னது தப்பு."

"என்னது? காதுல விழல."

"அம்மா சொன்னது தப்புடி!"

ஆகா! தேன் குடத்தில் தலைகீழாக விழுந்ததுபோல இருந்தது அவளுக்கு. வேறு யாராக இருந்தாலும் இத்தோடு போதும் என்று விட்டிருப்பார்கள். மருமகள் விடவில்லை. பாதிப் பழிதான் ஆகியிருக்கிறது. முகத்துக்கு நேராக என்பதல்லவா சபதம்? டாக்டர், "வீட்டுக்குப் போனதும் மெதுவா, பக்குவமா நடந்துக்குங்க, மாத்திரை விடக் கூடாது" என்று சொல்லி, மாமியாரை வீட்டுக்கு அனுப்பும் நாளைக் குறித்தாள். மாத்திரையை மருமகள் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள். பக்குவத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தாள். கடிகாரக்காரரிடம் போய், கடையில் ஒரு சுவர்க்கடிகாரம் மாட்ட வேண்டும் என்றாள்.

"உங்க மாமியார் வர்ற அன்னைக்கா? வேண்டாம்மா. நான் இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும்."

"உங்களை இத்தனை வருஷம் திருடன்னு சொன்னவங்க மூக்கு உடையறதைப் பாக்க வேண்டாமா சார்?"

கடிகாரக்காரர் யோசித்தார். சாதுவின் கண்ணிலும் ஒரு மினுக்கம் வந்தது. "எந்த உயரத்துல மாட்டணும்?" என்றார்.

முதலாளியம்மா நடுப்பகலில் வந்து இறங்கினாள். நாலுகால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது வாசலில் ரொட்டிக்கு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். உள்ளே ஏணிமேல் கடிகாரக்காரர். அவர் கக்கத்தில், பூரண சந்திரன்போல ஒரு கடிகாரம்.

"இவன் எப்படிடா என் கடைக்குள்ள?"

மகன் மாவுத் தொட்டியைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல? துடுப்பை எடுடா."

மாமனார் அடுப்புக்குள் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார். நாத்தனார், "அவர் சும்மா கடிகாரம் மாட்டத்தாம்மா வந்தாரு" என்றாள்.

"அவரா? அவன் எப்படி அவரு ஆனான்?"

மருமகள் கணவனின் முதுகை விரலால் ஒரு குத்துக் குத்தினாள். அவன் ஓரடி முன்னால் வந்தான்.

"அம்மா, நீ சொல்றது தப்பு. யாரும் எதையும் திருடல. அன்னைக்கு நீ அசந்து தூங்கிட்டே."

மருமகள் மாமியாரின் முகத்தை ஆசைதீரப் பார்த்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். மாமியார் கத்தவில்லை. மாத்திரை அவள் குரலின் முனையை மழுக்கியிருந்தது. ஊன்றுகோலைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "அவன் எடுக்கல."

"எடுக்கலம்மா."

"அந்த டாக்டர் பொண்ணும் அதைத்தான் சொன்னா. மாத்திரை போட்டா எனக்கும் அப்படித்தான் தோணுது. சரி, வச்சுக்குவோம். ஆனா போனது போனதுதானே? நான் இந்த அடுப்புக்கு வந்தப்ப பின்னல் இடுப்புக்குக் கீழ தொங்கும். ஒருநாள் அதை வெயில்ல நின்னு ஆத்தினதில்ல. ஒரு மத்தியானம் முதுகு தரையில பட்டதில்ல. ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்து நினைச்சு நினைச்சுப் பாத்தேன். எனக்குன்னு ஒரு சாயங்காலம்கூட ஞாபகம் வரல. எல்லாம் போயிருக்கு. கண்ணு முன்னால போயிருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவன் எடுக்கலைன்னா, அப்ப யாரு எடுத்தது?"

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. முதலில் உடைந்தவர் மாமனார்தான்.

"அவன்தாம்மா! அவன்தான் எடுத்தான்!"

"ஆமாம்மா" என்று நாத்தனார் பாய்ந்தாள். "நீ அன்னைக்கு டிராயரைச் சரியாப் பாக்கல. அடியில இன்னொண்ணு இருக்கும்."

மகன் அம்மாவின் கண்ணைப் பார்த்தான். பார்க்க முடியாமல் ஏணியைப் பார்த்தான். "நான் என்னமோ உளறிட்டேம்மா. அவனேதான்" என்று துடுப்பைக் கையில் எடுத்தான். ஏணிமேல் கடிகாரக்காரர், கடிகாரத்தைக் கேடயமாக மார்போடு அணைத்துக்கொண்டார்.

எத்தனையோ மாதப் பாடு, ஒரே மூச்சில் போயிற்று. மருமகளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் ஏறிய கோபம் மாமியார் பக்கம் திரும்பவில்லை. எந்தப் பேச்சைக் கேட்டு இவர்கள் இப்படிப் பதறுகிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. இத்தனை வருஷமும் அந்தத் திருடன் யாருக்கு வசதியாக இருந்திருக்கிறான்!

போய்த் துடுப்பைக் கணவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அவர் எடுக்கல அத்தை. இதோ நிக்கிறாங்களே, இவங்கதான் எடுத்தாங்க."

"அண்ணி!"

"நீ சும்மா இரு. மாமா எடுத்தாரு. இடுப்பு வலி, முட்டி வலின்னு சொல்லிச் சொல்லியே பாதி விறகை உங்களைப் பிளக்க விட்டாரு. உங்க பொண்ணு எடுத்தா. கல்லாவுல உக்காந்துக்கிட்டே 'அம்மா தண்ணி'ன்னு கேட்டுக் கேட்டு எடுத்தா. உங்க பிள்ளை எடுத்தாரு. தின்ன தட்டை இன்னைவரைக்கும் தானா எடுத்துக் கழுவினதுண்டா? கேளுங்க! நீங்க கேட்டுடக் கூடாதுன்னுதான் எல்லாரும் சேர்ந்து தெருவுல போறவரைக் கை காட்டினாங்க. நானும் லேசுப்பட்டவ இல்ல. நேரமே இல்லைன்னு பொய் சொல்லி உங்க பிள்ளையை உங்க கண்ணுல காட்டாம வச்சிருந்தேன். பழிக்குப் பழின்னு நானும் எடுத்தேன்." திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "இப்பச் சொல்லுங்க. யாரு எடுத்தது? அம்மாவைப் பாத்துச் சொல்லுங்க."

அவன் மாவு ஒட்டிய கையைப் பார்த்தான். அந்தக் கையைப் பார்த்தபடியே, "நாங்கதாம்மா" என்றான்.

மாமனார் அடுப்பு வாயிலிருந்தே, "ஆமா" என்றார். நாத்தனார் அழத் தொடங்கினாள்.

முதலாளியம்மாவின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. துப்புத் துலங்கிய போலீஸ்காரன் முகத்தில்கூட அப்படி ஒரு களை வராது.

"அதானே பாத்தேன்" என்றாள். "வீட்டுக்குள்ள ஆள் இல்லாம வெளியாள் ஒருத்தன் இவ்வளவையும் அள்ள முடியுமா?" ஏணிப்பக்கம் விரலை நீட்டினாள். "நீயும் கொஞ்சம் எடுத்திருப்பே. மாத்திரை ஆயிரம் சொல்லட்டும், அதை நான் விடப்போறதில்ல. ஆனா மூட்டை மூட்டையா எடுத்தது இவங்க."

"அம்மா... இதை மாட்டவா, எடுத்துட்டுப் போகவா?" என்றார் கடிகாரக்காரர், ஏணி நடுங்க.

"மாட்டு. படுத்துக்கிட்டே பாக்கிற மாதிரி மாட்டு."

கட்டிலைக் கொண்டுவரச் சொன்னாள். கொல்லைப்புறத்தில் போட மாட்டாளாம். கடை நடுவிலேதான், எல்லாரும் பார்க்கத்தான் போட வேண்டுமாம். மகனும் மாமனாரும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிவந்து போட்டார்கள். முறிந்து கூடிய காலை இரண்டு கையாலும் தூக்கிவைத்து, பட்டப்பகலில், அடுப்பு எரிய எரிய, மல்லாந்து படுத்தாள். தலையணை தாழ்வாக இருக்கிறது என்றாள், நாத்தனார் ஓடினாள். ஈ மொய்க்கிறது என்றாள், மாமனார் விசிறினார். மருமகள் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு பிசைகிற தொட்டிக்குப் போனாள். கணவன் நகர்ந்து இடம்விட்டான்.

வாசலில் நின்றவர்களில் ஒருவர் பொறுமையிழந்து எட்டிப் பார்த்தார்.

"முதலாளியம்மா, ரொட்டி இப்போதைக்கு ஆகுமா?"

அம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"என்னை ஏன் கேக்கறே? திருடங்க நாலு பேரும் அதோ நிக்கிறாங்க. அவங்களைக் கேளு."